உறைந்தால் சுத்தம்

அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டில் பஞ்சர் கடையைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஒரு பெயர்ப் பலகை வரும். ‘அதியமான் வீரத் துப்பாக்கி சுடும் விளையாட்டு மற்றும் சமூக மேம்பாட்டுக் கழகம்’. பெயரைப் படித்து முடிப்பதற்குள் வண்டி கழகத்தைத் தாண்டிவிடுகிறது என்று புகார் வந்ததால், ஐம்பதடி முன்னால் இன்னொரு பலகை வைத்து அம்புக்குறி போட்டிருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் அது ‘கன் கிளப்’.

உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர். அதில் சுடுகிறவர்கள் ஐந்து. மற்றவர்கள், மகள் கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக வர வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவர்கள். துப்பாக்கிகள் ஆறு, எல்லாம் பாயின்ட் டூ டூ ரைபிள். அதில் நான்காம் நம்பர் உடல் தானம் செய்துவிட்டது. அதன் ஸ்பிரிங் ஒன்றாம் நம்பருக்கும், ட்ரிகர் மூன்றாம் நம்பருக்கும், பின்பக்கக் குறிவளையம் ஆறாம் நம்பருக்கும் போய்விட்டன. மிச்சமிருந்த கட்டையும் குழாயும் கணக்குக் காட்டுவதற்காக ஸ்டாண்டில் நின்றன.

புதிதாக ஒன்று வாங்கலாமென்றால் துப்பாக்கித் தொழிலே படுத்துக்கிடந்தது. லைசென்ஸ் கிடைப்பது குறைந்தது. லைசென்ஸ் இருக்கிறவர்களும் தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து, திரும்ப வாங்க நடந்து சலித்துப்போனார்கள். வாங்க ஆளில்லாததால் கடைகள் குறைந்தன, கடைகள் குறைந்ததால் உதிரி பாகங்கள் வருவதும் நின்றது. சேலத்துக் கடைக்காரர் பாதிக் கடையைக் கண்காணிப்புக் கேமராவுக்கு ஒதுக்கிவிட்டார்.

“இப்பல்லாம் திருடன் வந்தா யாரும் சுடறதில்ல அமலு, வீடியோ எடுத்து குரூப்ல போடறாங்க” என்றார் அவர் போனில். “உனக்கு வேண்டிய கன் ஆயில் ரெண்டு மாசம் ஆவும். கேமரா வேணும்னா சாயங்காலமே அனுப்பறேன்.”

போனின் இந்தப் பக்கம் இருந்தவர் அமல்தாஸ், கிளப்பின் துப்பாக்கிப் பராமரிப்பாளர். வயது நாற்பத்தாறு. அதே சேலத்துக் கடையில் பதினெட்டு வருடம் ரிப்பேர் பார்த்தவர். கடை சுருங்கியதும் ஊர் திரும்பி, வாரத்தில் நாலு நாள் கிளப், மூன்று நாள் நிலக்கடலைக் காடு என்று பிரித்துக்கொண்டார். இரண்டிலும் புதிதாக எதுவும் வரப்போவதில்லை, இருப்பதைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

துப்பாக்கி இனிமேல் வராது என்று தெரிந்ததும் கிளப் ஒரு விதி போட்டது. ஐந்து பேருக்கு ஐந்து துப்பாக்கி. மூன்று வருடத்துக்குள் மாநிலப் போட்டிக்கான தகுதி மதிப்பெண்ணை, அதாவது அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபதை எடுக்காதவர், தன் துப்பாக்கியைக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்த ஆளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆறாம் நம்பரை வைத்திருந்த சோபனாவுக்கு இது மூன்றாவது வருடம். பாலக்கோடு தக்காளி மண்டியில் சீட்டு எழுதுகிறவள், முப்பத்து நாலு வயது. முதல் வருடம் ஐந்நூற்று அறுபத்தாறு, போன வருடம் அறுபத்தெட்டு. காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள் செயலாளரின் மாப்பிள்ளை. இது விதிக்குத் தெரியாது. விதி பொதுவானது.

செயலாளர் பெயர் பெரியண்ணன். மரியாதையாக அண்ணன் என்று கூப்பிடலாம் என்றால் ‘பெரியண்ணண்ணன்’ என்று நாக்கு தட்டுகிறது; அதனால் எல்லோரும் செக்ரட்டரி என்றே அழைத்தார்கள், அவருக்கும் அதுவே பிடித்திருந்தது. காரிமங்கலத்திலும் தர்மபுரியிலும் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருந்தார். உலகத்தில் உள்ள சிக்கல்களில் பாதி ரீஃபைண்டு எண்ணெயால் வந்தது, மீதி அதை நம்பியவர்களால் வந்தது என்பது அவர் கொள்கை.

அக்டோபரில் ஆயுத பூஜையன்று, சந்தனப் பொட்டு வைத்த ஆறு துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்று அவர் அறிவித்தார்: இனி கிளப் துப்பாக்கிகளுக்கு வெளிநாட்டு ரசாயனம் கிடையாது, மரச்செக்குத் தேங்காய் எண்ணெய்தான்.

“ஆவாதுங்க சார்” என்றார் அமல்தாஸ்.

“ஏன் ஆவாது? எங்க பாட்டன் நாட்டுத் துப்பாக்கிக்கு இதத்தான் போட்டாரு.”

“அது மருந்து இடிச்சு சுடறதுங்க. ஆட்டுக்கல்லு மாதிரி. இது வாட்ச்சு மாதிரிங்க.”

“தலைக்குத் தேய்ச்சா மூளையே வேலை செய்யுது. இரும்புக்கு செய்யாதா?”

“தலைக்கு மேலதான் தேய்க்கறோம். உள்ளார யாரும் ஊத்தறதில்லீங்களே.”

தீர்மானம் நிறைவேறியது. நாற்பத்தொரு பேர் ஆதரவு. அமல்தாஸுக்கு ஓட்டு கிடையாது. எதிர்த்த ஒரே ஓட்டு சோபனாவுடையது.

தீர்மானத்தை மதித்துத் துப்பாக்கிகளின் வெளிப்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார் அமல்தாஸ். உள்ளே, தன்னிடம் மிச்சமிருந்த கன் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓட்டினார். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். செக்ரட்டரி ஏகாதசிக்குத் திருப்பதி போனபோது ஆயுத அறைச் சாவியும் அவர் இடுப்பில் திருப்பதி போனது. பத்து நாள் கிளப் பூட்டிக்கிடந்தது. சோபனா வீட்டில் பாயை விரித்துக் குப்புறப் படுத்து, துடைப்பக்கட்டையைத் தோளில் அணைத்து மூச்சுப் பிடித்துப் பழகினாள். அவள் மாமியார் அதைப் பார்த்தார். துடைப்பம் கொஞ்ச நேரம் கிடைக்காது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டார்.

தகுதி மதிப்பெண்ணுக்காக கிளப் வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் போட்டி ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகாலுக்கு அமல்தாஸ் வந்தபோது பனி சர்வீஸ் ரோட்டை மறைத்திருந்தது. மங்கி குல்லாவும் அதன் மேல் மப்ளருமாக செக்ரட்டரி ஆயுத அறையைத் திறந்தார். அமல்தாஸ் ஒன்றாம் நம்பரை எடுத்து, தோட்டாவைத் தள்ளி மூடும் போல்ட்டைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பந்தியில் கடைசி ஆளுக்கு வரும் பாயசம் போல நிதானமாக வந்தது. இடுக்குகளில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது.

“என்னங்க சார் இது?”

“உள் பராமரிப்பு” என்றார் செக்ரட்டரி. “நீ லீவுல போயிட்ட. போட்டி நேரத்துல சும்மா வுட முடியுமா? திருப்பதி கெளம்பறதுக்கு முன்னாடி நானும் செக்கு ஓட்டற அன்பும் உக்காந்து ஆறு துப்பாக்கிக்கும் உள்ளார ஊத்தினோம்.”

“ஆறுக்கும்ங்களா? நாலாம் நம்பர்ல உள்ளார ஒண்ணுமே இல்லீங்களே.”

“அதுலதான் நல்லா எறங்குச்சு.”

அமல்தாஸ் மற்ற போல்ட்டுகளையும் இழுத்துப் பார்த்தார். ஐந்தும் அதே கதி.

“ஒறைஞ்சிபோச்சுங்க சார்.”

செக்ரட்டரி போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளையை விரலால் வழித்து முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்ததைக் குல்லாவுக்குள்ளேயும் பார்க்க முடிந்தது.

“பாத்தியா? ஒறைஞ்சிருக்குது. கலப்படம் இருந்தா ஒறையுமா? கடையில வர்றவங்களுக்கு எத்தனை தடவ சொல்றேன், குளுருல வெச்சுப் பாருங்க, ஒறைஞ்சா சுத்தம்னு. இப்ப துப்பாக்கியே சர்டிபிகேட் குடுத்துடுச்சு.”

“எண்ணெய் சுத்தம்தாங்க. துப்பாக்கிதான் சுடாது.”

அமல்தாஸ் ஒன்றாம் நம்பரில் வெற்றுத் தோட்டாவைப் போட்டு மூடி, விசையை அழுத்திக் காட்டினார். போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி, ஸ்பிரிங் தள்ளிய வேகத்தில் தோட்டாவின் அடிவிளிம்பை ‘டக்’ என்று தட்ட வேண்டும். அது உறைந்த எண்ணெயில் நீந்திப்போய் ‘சளக்’ என்றது.

“இப்படித் தட்டினா பத்துல நாலு வெடிக்காது. வெடிக்கறதும் லேட்டாத்தான் வெடிக்கும். அதுக்குள்ள குறி ஆடிடும்.”

“வெயில் ஏறினா எல்லாம் எளகிடும்.”

“வெயில் பத்து மணிக்கு ஏறுதுங்க. போட்டி எட்டரைக்கு.”

அப்போது சோபனா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பின்னாலேயே, சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த நடுவர் பானுமதி நடந்து வந்தார். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் கத்தியதில் தொண்டையைச் செலவழித்துவிட்டதால், எதையும் ஒரு தடவைதான் சொல்வார். அவரும் அந்தச் ‘சளக்’கைக் கேட்டார். ஐந்து துப்பாக்கியிலும் கேட்டார்.

“இதுல போட்டி நடத்த முடியாது” என்றார்.

சோபனா செக்ரட்டரியைப் பார்த்தாள். “போட்டி ரத்தானா இந்த வருஷம் கணக்குல வராதுங்களே சார்?”

“எப்படி வராம போவும்? மூணு வருஷம்னா மூணு வருஷம். விதின்னா விதி.” செக்ரட்டரி மப்ளரைச் சரிசெய்தார். “நானே வருத்தப்படறேன்.”

“எண்ணெய் பாஸாயிடுச்சு, நான் ஃபெயிலா?”

அமல்தாஸ் நடுவரிடம் போனார். “மேடம், அஞ்சு போல்ட்டையும் பிரிச்சுத் தொடைச்சுக் குடுத்துடறேன். ஒண்ணுக்கு இருவத்தஞ்சு நிமிஷம் ஆவும்.”

பானுமதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பது. “தொடக்க விழா எட்டரைக்கு. விழா முடிஞ்சதும் விசில் ஊதுவேன். அப்ப அஞ்சும் சரியா இருந்தா போட்டி. ஒண்ணு குறைஞ்சாலும் இல்ல.”

ஐந்து போல்ட், ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து நிமிடம். எட்டே முக்கால் ஆகும். சிறப்பு விருந்தினர் வழக்கம்போல ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் தாராளமாக முடிந்துவிடும். ஆனால் இது மார்கழி. ஊரில் கல்யாணமில்லை, கிரகப்பிரவேசமில்லை, காதுகுத்து இல்லை. சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வந்துவிடும் அபாயம் இருந்தது.

அமல்தாஸ் அறை வாசலில் மேஜையைப் போட்டார். சோபனா ரோட்டோர டீக்கடைக்கு வாளியோடு ஓடினாள்.

“எத்தனை டீ?” என்றார் கடைக்காரர்.

“டீ வேணாண்ணா. பாய்லர் தண்ணி மட்டும்.”

“பாலு, சக்கரை?”

“ஒண்ணும் வேணாம். ஒரு வாளி.”

“கட்டுப்படியாவாதேம்மா” என்றார் அவர். ஆனாலும் நிரப்பினார்.

போல்ட்டைப் பிரித்து, ஊசியையும் ஸ்பிரிங்கையும் வெந்நீரில் போட்டால் எண்ணெய் இளகி மேலே மிதந்தது. பிறகு பழைய பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோலில் அலசி, துணியில் துடைத்து, காயவைத்து, கன் ஆயில் தீர்ந்துவிட்டதால் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பெட்ரோல் சோபனாவின் ஸ்கூட்டியிலிருந்து வந்தது. ஒன்றாம் நம்பர் முடிந்தது. விசையை அழுத்திப் பார்த்தார். ‘டக்’.

“அடுத்து என்னோடத எடுங்கண்ணா” என்றாள் சோபனா.

“ரெண்டு, மூணு, அஞ்சு, அப்புறம்தான் ஆறு.”

“யாரு வந்து கேக்கப்போறாங்க?”

“நீ எழுவது எடுத்தீன்னா கேப்பாங்க. அமலு அவளோடத மட்டும் தனியா பாத்துக் குடுத்தான்னு. வரிசையாவே போலாம்மா.”

“ஆமா, இருக்கற ஒரே நியாயஸ்தன் நீங்கதான். நல்லா நியாயம் பாருங்க” என்று முனகிவிட்டு அடுத்த வாளிக்குப் போனாள்.

எட்டு இருபதுக்கு, அழைப்பிதழ் அச்சடித்த நாளிலிருந்து யாரும் எதிர்பார்க்காத விதமாக, சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. ஒரு தனியார் கல்லூரியின் தாளாளர். ஃப்ளெக்ஸில் ‘கல்வி வள்ளல்’ என்று போட்டிருந்தது. கூட வந்த உள்ளூர் சேனல் கேமராக்காரர் குளிரில் கொட்டாவி விட்டார். அமல்தாஸ் ஐந்தாம் நம்பரைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஆறாம் நம்பர் போல்ட் அப்போதுதான் வாளிக்குள் போனது.

“எனக்கு ஒம்பது மணிக்கு இன்னொரு புரோகிராம். ரெண்டே நிமிஷத்துல முடிச்சுடுங்க” என்றார் வள்ளல்.

செக்ரட்டரி தன் பேச்சின் பதினோரு பக்கங்களைப் பார்த்தார். பத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சுருக்கமாகப் பேசினார். வரவேற்றார், பொன்னாடை போர்த்தினார், நன்றி என்றார். நான்கு நிமிடம். பானுமதி விசிலைக் கையில் எடுத்தார்.

செக்ரட்டரியின் பேச்சு நீளும்போதெல்லாம் முந்திக் கைதட்டி அவரை உட்கார வைப்பது சோபனாவின் வழக்கம். இன்று அவள் எழுந்து நின்றாள்.

“சார், நம்ம எண்ணெயப் பத்தி ஐயாகிட்ட நீங்க சொல்லவே இல்லியே.”

செக்ரட்டரி விருந்தினரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். “ஐயாவுக்கு நேரம்…”

“என்ன எண்ணெய்?” என்றார் வள்ளல், மரியாதைக்கு.

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. செக்ரட்டரி மைக்கை மறுபடி பிடித்தார். செக்கு என்பது என்ன, வாகை மரத்தில் செய்த செக்குக்கும் வேம்பில் செய்த செக்குக்கும் என்ன வித்தியாசம், வெள்ளைக்காரன் ஏன் அதை ஒழித்தான், ஒழிக்க முடியாமல் ஏன் திணறினான். அன்பு காரிலிருந்து உறைந்த எண்ணெய்ப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். செக்ரட்டரி அதைக் கேமராவுக்கு முன்னால் தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை.

“இதுதான் சுத்தம். உறைஞ்சது இந்த எண்ணெய் மட்டுமல்ல…” என்று ஆரம்பித்தவர், வேறு என்ன உறைந்தது என்று யோசித்து, “நம் மக்களின் விழிப்புணர்வும் உறைந்து கிடக்கிறது” என்று போய்ச் சேர்ந்தார்.

“இத்தனை சுத்தமா எப்படிங்க சார் எடுக்கறீங்க?” என்றாள் சோபனா.

அது இன்னொரு பத்து நிமிடம். தேங்காய் வாங்குமிடம், பருப்பு காயும் பக்குவம், மாடு சுற்றும் வேகம். கடையில் மாடு கிடையாது, மோட்டார்தான். ஆனால் பேச்சில் மாடு சுற்றிக்கொண்டிருந்தது. வள்ளல் இரண்டு முறை மணி பார்த்தார். பானுமதி ஒருமுறை சோபனாவைப் பார்த்தார், பிறகு வாசல் மேஜைப் பக்கம் பார்த்தார். விசிலைத் தன் முன்னால் வைத்துவிட்டுக் கொடுத்த காபியை எடுத்துக் குடித்தார்.

வாசலில் அமல்தாஸ் ஊசியைத் துடைத்து ஊதி, ஸ்பிரிங்கைக் கோத்தார். ஸ்பிரிங் சுருளின் உள்பக்கம் இன்னும் கொஞ்சம் பிசுக்கு இருந்தது. இன்னொரு அலசு அலசினால் போய்விடும். ஆனால் வள்ளல் எழுந்துவிட்டார். “ரொம்ப அருமை, ரெண்டு லிட்டர் அனுப்புங்க” என்று சொல்லிக்கொண்டே காரை நோக்கி நடந்தார். அமல்தாஸ் போல்ட்டை மூடி ஆறாம் நம்பரில் சொருகினார். பானுமதி வந்து ஐந்து துப்பாக்கியின் விசையையும் அழுத்திப் பார்த்தார். ஐந்தும் ‘டக்’. ஆறாம் நம்பரில் இரண்டு தடவை அழுத்தினார். அமல்தாஸ் மூச்சு விடவில்லை.

“சரி” என்றார் பானுமதி.

“சுருளுக்குள்ள கொஞ்சம் மிச்சம் இருக்குது” என்று சோபனாவிடம் மெதுவாகச் சொன்னார் அமல்தாஸ். “எங்கியாவது ஒரு தடவ லேட்டாத் தட்டும். எப்பன்னு சொல்ல முடியாது. விசைய அழுத்தினப்புறம் உடனே நெகிழாத. ரெண்டு எண்ணிட்டு மூச்சு விடு.”

“அறுவது தடவையுமா?”

“அறுவது தடவையும்.”

ஐம்பது மீட்டர், படுத்த நிலை, அறுபது தோட்டா, ஐம்பது நிமிடம். முதல் பத்தில் தொண்ணூற்றைந்து. இரண்டாவது பத்தில் தொண்ணூற்றாறு. மூன்றாவதில் தொண்ணூற்று நான்கு. பாதியில் இருநூற்று எண்பத்தைந்து, ஐந்நூற்று எழுபதுக்கு மிகச் சரியாகப் பாதி. பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்ட கால்நடை மருத்துவர் முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்துபோய் டீ குடித்தார். சோபனா ஒவ்வொரு தடவையும் இரண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டாவது தோட்டா வெடிக்கவில்லை. அவள் அசையாமல் இருந்தாள். போல்ட்டைத் திறந்து தள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டாள். ஐம்பத்தொன்றாவதில் விசைக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது; பின்னால் நின்ற அமல்தாஸுக்கே அது கேட்டது. இலக்கைக் காட்டும் கேமராத் திரையில் பத்து என்று வந்தது. அவர் சட்டைக்குள் அதுவரை பிடித்திருந்த சிலுவையை விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைசித் தோட்டா போனபோது நேரத்தில் நாற்பது விநாடி மிச்சமிருந்தது. பானுமதி கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார்.

“ஐந்நூற்று எழுபத்தொண்ணு.”

சோபனா பாயிலேயே நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “செக்ரட்டரி சார், மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க. ஆறாம் நம்பரு இப்போதைக்கு எங்கியும் வராது.”

“சந்தோஷம்மா” என்றார் செக்ரட்டரி. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்; கேமராக்காரர் இன்னும் கிளம்பவில்லை. அவளைப் பக்கத்தில் நிற்கவைத்து, பாட்டிலை நடுவில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அவள் பாட்டிலுக்கு மேலே எங்கோ பார்த்தாள்.

கூட்டம் கலைந்தபின் அமல்தாஸ் துப்பாக்கிகளை அறைக்குள் அடுக்கினார். செக்ரட்டரி சாவியோடு வாசலில் நின்றார். உடனே பூட்டவில்லை. மேஜை மேலிருந்த வாளியை எட்டிப் பார்த்தார். ஆறிய தண்ணீரின் மேல் அவருடைய எண்ணெய் வெள்ளைத் தகடாகக் கட்டியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அமலு.”

“சொல்லுங்க சார்.”

“எனக்கு ஒரு யோசனை. அக்டோபர்ல இருந்து நம்ம எண்ணெய் தொடர்ச்சியா உழைச்சிருக்குது. எந்தப் பொருளுக்கும் ஒரு ஓய்வு வேணும். நீ கொஞ்ச நாளைக்கு அந்தச் சேலத்து ஆயிலையே வாங்கிப் போட்டுக்க.”

“தீர்மானம் இருக்குதுங்களே.”

“தீர்மானம் அப்படியே இருக்கட்டும். இது ஓய்வு.”

“எத்தனை நாளைக்குங்க?”

செக்ரட்டரி வாளியை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“சித்திரை வரைக்கும்” என்றார்.